எழுபத்தெட்டா, எண்பத்திமூன்றா?

என்ர அம்மம்மாவுக்கு எத்தனை வயசு எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் சரியாத் தெரியாது. அடையாள அட்டையில் ஒரு வயது இருக்கிறது. மாமாவைக் கேட்டால் வேறொன்று சொல்லுவார். கிளினிக் கொப்பியில் மூன்றாவதாக ஒன்று. அம்மம்மாவையே கேட்டால், "ஜப்பான்காரன் திருகோணமலையில குண்டு போட்ட நேரம் நான் கைக்குழந்தையாம். அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள்ள ஓடினவவாம்" என்று தொடங்குவா. வயசைக் கேட்டால் கதைதான் வரும். நீண்ட காலமாக அது எங்களுக்கு ஒரு பகிடி.

அது பகிடியில்லை என்று எனக்கு விளங்கியது வேலைக்குப் போன பிறகுதான். என்னுடைய வேலை மெடிக்கல் ட்ரான்ஸ்கிரிப்ஷன். அமெரிக்காவில் ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்த்து முடித்ததும், தன் குறிப்பை வாயால் சொல்லிப் பதிவுசெய்வார். அந்த ஒலியைக் கேட்டு எழுத்தாக்கிக் கொடுப்பது நாங்கள். ஏ.எல். எழுதிவிட்டு, கெம்பசும் கிடைக்காமல், அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்த காலத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். நியூயோர்க்கில் காலை ஒன்பது மணி என்றால் இங்கே கோடையில் மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஊர் விளக்கு வைக்கிற நேரம்தான் எங்களுக்கு விடியும்.

பயிற்சியில் முதலில் எலும்புகளின் பெயரும் மருந்துகளின் பெயரும் பாடமாக்க வேண்டிவரும் என்று நினைத்துப் போனேன். அதுவும் இருந்தது. ஆனால் என்னை அதிகம் வதைத்தது எண்கள். எண்ணை எப்படிக் கேட்பது என்பதல்ல, எப்படி எழுதுவது என்பது. இந்தத் துறைக்கென்று அமெரிக்காவில் 1978 இல் தொடங்கிய ஒரு சங்கம் இருக்கிறது. அது வெளியிட்ட 'புக் ஒஃப் ஸ்டைல்' என்ற தடித்த புத்தகம்தான் எங்களுக்கு வேதம். அதில் எண்களுக்கென்று எத்தனை பக்கம்!

பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சர், சின்ன எண்களைச் சொல்லில் எழுத வேண்டும், பெரிய எண்களை இலக்கத்தில் எழுத வேண்டும் என்று சொல்லித் தந்தவ. இங்கே வந்ததும் அது உடைந்தது. மருத்துவக் குறிப்பில் கிட்டத்தட்ட எல்லா எண்ணும் இலக்கம்தான். மூன்று பிள்ளைகள் என்றாலும் 3, இரண்டு நாட்களாகக் காய்ச்சல் என்றாலும் 2. நடுச்சாமத்தில் அவசரப் பிரிவில் நிற்கிற ஒரு வைத்தியர் அந்தப் பக்கத்தை ஆற அமர வாசிக்கப் போவதில்லை. அவருடைய கண் ஓடுகிற ஓட்டத்தில் இலக்கம்தான் தட்டுப்படும், சொல் தட்டுப்படாது.

அதே நேரம் ஒரு வசனம் இலக்கத்தோடு தொடங்கக் கூடாது. முன் வசனத்தின் முற்றுப்புள்ளியும் அடுத்த வசனத்தின் இலக்கமும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் கண் ஏமாறும். எனவே வைத்தியர் "72-இயர்-ஓல்ட் வுமன்" என்று தொடங்கினால், நாங்கள் முன்னால் "திஸ் இஸ் எ" என்று போட்டு வசனத்தைத் திருப்ப வேண்டும், அல்லது அந்த எண்ணைச் சொல்லில் எழுத வேண்டும்.

வயதுக்குத் தனி விதி. 'ஃபைவ் இயர் ஓல்ட் கேர்ள்' என்று பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால் மூன்று சொல்லையும் சிறுகோடு போட்டுக் கட்ட வேண்டும். 'ஷி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்று வசனத்தின் பின்பகுதியில் வந்தால் சிறுகோடு கிடையாது. இரண்டு எண்கள் அடுத்தடுத்து வந்தால் ஒன்றைச் சொல்லிலும் மற்றதை இலக்கத்திலும் எழுத வேண்டும். 5 மில்லிகிராம் மாத்திரை இரண்டு என்பதை ஆங்கில ஒழுங்கில் இரண்டு இலக்கமாகவே எழுதிவிட்டால், 2 உம் 5 உம் ஒட்டி 25 ஆகத் தெரிந்துவிடும். மாத்திரை குடிக்கப் போகிறவருக்கு அது சின்ன விஷயமில்லை.

பூச்சியத்தின் கதை இன்னும் மோசம். வைத்தியர் "பொயிண்ட் ஃபைவ்" என்று சொன்னால் நாங்கள் 0.5 என்று எழுத வேண்டும். முன்னால் பூச்சியம் இல்லாவிட்டால் புள்ளி மங்கிப்போய் 5 ஆகும். "ஃபைவ் பொயிண்ட் ஸீரோ மில்லிகிராம்" என்று சொன்னால் வெறும் 5. 5.0 என்று எழுதினால் புள்ளி தவறி 50 ஆகும். இரண்டிலும் பிழை விட்டால் பத்து மடங்கு மருந்து. அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று கொடுக்கிற ஜொயிண்ட் கமிஷன் என்ற அமைப்பு 2004 இல் வெளியிட்ட 'பாவிக்கக் கூடாது' பட்டியலில் இந்த இரண்டும் இருக்கின்றன. இன்சுலின் அளவுக்கு 'யூனிட்' என்ற முழுச்சொல்லை எழுதாமல் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போடுவதும் அதில் இருக்கிறது, ஏனென்றால் அந்த எழுத்து கையெழுத்தில் பூச்சியம் மாதிரி இருக்கும். 10 யூனிட் 100 ஆகிவிடும். ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவில் பொட்டாசியம் 4.0 என்று வந்தால் அந்தப் பூச்சியத்தை விட்டுவிடலாம். அங்கே அது அளந்ததன் நுட்பத்தைச் சொல்கிற பூச்சியம்.

முதல் மாதங்களில் இதெல்லாம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. வெள்ளைக்காரனுக்கு வேறு வேலையில்லை, சிறுகோட்டுக்கும் பூச்சியத்துக்கும் சட்டம் போட்டுக்கொண்டு இருக்கிறான் என்று கன்ரீனில் நாங்கள் கதைத்துச் சிரித்திருக்கிறோம்.

பிறகு ஒருநாள் அந்தக் கோப்பு வந்தது. விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். வேகமாகக் கதைக்கிற ஒரு வைத்தியர், பின்னால் யாரோ கதவைச் சாத்துகிற சத்தம். பிரெட்னிசோன் என்ற மருந்தைச் சொன்னார். அளவு 'ஃபிஃப்டீன்' ஆகவும் கேட்கலாம், 'ஃபிஃப்டி' ஆகவும் கேட்கலாம். தமிழில் இந்தப் பிரச்சினை இல்லை. பதினைந்தில் பத்து முன்னால் நிற்கும், ஐம்பதில் பின்னால் நிற்கும். ஒன்றை மற்றதாகக் கேட்க வழியே இல்லை. ஆங்கிலத்தில் வித்தியாசம் முழுவதும் கடைசி மூச்சில் இருக்கிறது. அந்தக் கடைசி மூச்சில்தான் கதவு சாத்தப்பட்டது.

ஏழெட்டுத் தரம் திருப்பித் திருப்பிக் கேட்டேன். பிரெட்னிசோனை 15 உம் கொடுப்பார்கள், 50 உம் கொடுப்பார்கள். தெரியாவிட்டால் வெற்றிடம் விட்டு, ஒலிப்பதிவில் எந்த நிமிடம், எந்த விநாடி என்று குறித்து அனுப்ப வேண்டும். அது விதி. ஆனால் அந்தக் கிழமை எனக்கு வெற்றிடங்கள் கூடிவிட்டன. வெற்றிடம் கூடினால் புள்ளி குறையும், புள்ளி குறைந்தால் மாதக் கடைசியில் கிடைக்கிற மேலதிகக் காசு குறையும். நோயாளிக்கு வருத்தம் கடுமையாகத்தான் இருக்கிறது, ஆகவே 50 ஆக இருக்கும் என்று நினைத்தேன். 50 என்று ரைப் பண்ணி அனுப்பிவிட்டேன்.

எங்கள் வேலையைத் திருப்பிக் கேட்டுப் பார்க்கிற அக்கா என்னைக் கூப்பிட்டா. ஹெட்போனைத் தந்து கேட்கச் சொன்னா. கேட்டேன்.

"50 எண்டு உனக்குக் கேட்டதோ, இல்லாட்டி நினைச்சனியோ?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"கேட்டது பிழையெண்டால் அது காதின்ர பிழை. திருத்தலாம். நினைச்சதை எழுதினால் அது பிழையெண்டே ஒருத்தருக்கும் தெரியாது, தங்கச்சி. அந்தப் பக்கம் வாசிக்கிற மனுசன் டொக்டர் சொன்னதெண்டுதான் நினைப்பான்."

அக்கா அதை வெற்றிடமாக்கி அனுப்பினா. அடுத்த நாள் பதில் வந்தது. 15.

அதற்குப் பிறகு நான் சிறுகோட்டைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

வயதிலும் இதே மாதிரி ஒரு இடம் வரும். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் நோயாளியின் பிறந்த திகதி இருக்கும். சிலவேளை வைத்தியர் வாயால் சொல்கிற வயதும் அந்தத் திகதியும் பொருந்தாது. கணக்குப் பார்த்தால் 67 வரும், அவர் 76 என்று சொல்லியிருப்பார். புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் அதைத் திருத்திவிடத்தான் கை துடிக்கும். திருத்தக் கூடாது. வைத்தியருக்கு வாய் தவறியிருக்கலாம். திகதியைப் பதிந்தவர் பிழை விட்டிருக்கலாம். அதைவிட மோசமாக, வேறொரு ஆளின் கோப்புக்குள் இந்தக் குறிப்பு போய் விழுந்திருக்கலாம். எது என்று தீர்மானிக்கிற ஆள் நாங்கள் இல்லை. இரண்டும் பொருந்தவில்லை என்று கொடி காட்டி அனுப்புவதுதான் எங்கள் வேலை.

இப்போது முதல் வரைவை மெஷின் எழுதித் தருகிறது, நாங்கள் கேட்டுத் திருத்துகிறோம். வேகம்தான். ஆனால் நான் பாவிக்கிற மெஷின் வெற்றிடம் விட்டு நான் கண்டதில்லை. கதவு சாத்தினாலும், வைத்தியர் இருமினாலும், அது ஒரு எண்ணைப் போட்டுவிடும். வடிவாக, சிறுகோடு எல்லாம் சரியாகப் போட்டு.

பயிற்சிக்குத் தருகிற மாதிரிக் குறிப்புகளில் இன்னொரு விசித்திரம் பார்த்தேன். பெயர், ஊர், திகதி எல்லாம் நீக்கியிருப்பார்கள், வயதை மட்டும் விட்டிருப்பார்கள். ஆனால் 89 இற்கு மேற்பட்ட வயது ஒன்றுகூட இருக்காது. எல்லாம் '90 அல்லது அதற்கு மேல்' என்றுதான் இருக்கும். அமெரிக்காவின் நோயாளி இரகசியச் சட்டத்தில் அப்படியொரு விதி உண்டு. தொண்ணூறைத் தாண்டியவர்கள் ஒரு ஊரில் கொஞ்சப் பேர்தான் இருப்பார்கள், 94 என்று சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஒரு எண் ஒரு ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. எங்கட அம்மம்மாவுக்கு அவவைக் காட்டிக் கொடுக்க ஒரு எண்ணே இல்லை.

அவவின் அடையாள அட்டை எண் 46501 என்று தொடங்குகிறது. பழைய அட்டை வைத்திருக்கிற வீட்டில் நீங்களும் எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கமும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். அப்படிப் பார்த்தால் 501 என்பது ஜனவரி முதலாம் திகதி பிறந்த பெண். அம்மம்மா வீட்டில் பிறந்தவ, மருத்துவிச்சி பார்த்த பேறு. பதிவு இல்லை. சாதகக் குறிப்பு ஒன்று இருந்ததாம், 1990 இடப்பெயர்வில் அது வீட்டோடு போய்விட்டது. எழுபதுகளில் அட்டைக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தை நிரப்பியவர் ஆளைப் பார்த்து ஒரு வருடத்தை மட்டுக்கட்டி, ஜனவரி ஒன்று என்று எழுதிவிட்டார். திகதிக்கான கட்டத்தை வெறுமையாக விட ஏலாது. படிவத்தில் அக்கா இல்லை, கொடி காட்ட.

இப்படிப் பதிவில்லாதவர்களுக்கு எங்கட நாட்டில் 'உத்தேச வயதுச் சான்றிதழ்' என்று ஒரு பத்திரம் உண்டு. அந்த 'உத்தேச' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். அட்டைக்கு வந்ததும் அந்தச் சொல் காணாமல் போய்விடுகிறது.

2024 கடைசியில் அம்மம்மாவின் கால் வீங்கத் தொடங்கியது. இரவு வேலை முடிந்து, நித்திரை கொள்ளாமல், நானும் மாமாவும் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். வைத்தியர் இளம் ஆள், எங்களைவிட ஐந்தாறு வயது மூத்தவவாக இருப்பா.

"அம்மாவுக்கு எத்தனை வயசு?"

"எண்பது நடக்குது" என்றார் மாமா. எங்கட ஆக்களின் கணக்கு அது. முடிந்த வயதைச் சொல்ல மாட்டார்கள், நடக்கிற வயதைச் சொல்லுவார்கள். அதுவும் மாமாவின் மட்டுக்கட்டு. அட்டைப்படி 78. கொப்பியில் போன தரம் யாரோ 76 என்று எழுதியிருந்தார்கள்.

அம்மம்மா தொடங்கினா. "ஜப்பான்காரன் குண்டு போட்ட நேரம்..."

"சும்மா இரணை அம்மா, டொக்டருக்கு நேரமில்லை" என்றார் மாமா.

வைத்தியர் அட்டையைப் பார்த்து 78 என்று எழுதப் போனா. என்னையறியாமல் என் வாய் திறந்தது.

"டொக்டர், அட்டையில இருக்கிறது சரியான திகதி இல்லை. ஜப்பான் திருகோணமலைக்குக் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. அம்மம்மா அப்ப கைக்குழந்தை எண்டு அவவின்ர அம்மா சொன்னவ. அப்ப 41 இல பிறந்திருக்க வேணும். 83 ஆ இருக்கலாம்."

மாமா என்னை முறைத்தார். அரசாங்க அட்டை பிழை என்று அரசாங்க ஆஸ்பத்திரியில் சொல்கிறாளே என்ற பயம் அவருக்கு. அந்தப் பயம் எனக்கும் விளங்கும். அட்டையை நீட்டி நீட்டியே சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்த தலைமுறை. அட்டையும் ஆளும் பொருந்தாவிட்டால் என்ன நடக்கும் என்று அறிந்தவர்கள்.

ஆனால் நான் ஏன் வாய் திறந்தேன் என்றால், சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் பார்க்கிற ஒரு சூத்திரத்தை எத்தனையோ குறிப்புகளில் கேட்டு ரைப் பண்ணியிருக்கிறேன். கொக்ரொஃப்ட் - கோல்ட் என்று பெயர், 1976 இல் வெளியானது. 140 இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். வருவதை உடல் எடையால் பெருக்க வேண்டும். பிறகு 72 ஐ இரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவால் பெருக்கி, அதால் வகுக்க வேண்டும். பெண் என்றால் கடைசியில் 0.85 ஆல் பெருக்க வேண்டும். அம்மம்மா 44 கிலோ. கிரியேட்டினின் 1.0. வயதை 78 என்று போட்டால் விடை கிட்டத்தட்ட 32. 83 என்று போட்டால் 29.6. பல மருந்துகளுக்கு 30 ஒரு கோடு. அதற்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், சில மருந்துகளைக் கொடுக்கவே மாட்டார்கள். எழுபதுகளில் ஒரு படிவத்தில் ஒருவர் மட்டுக்கட்டி எழுதிய எண், இத்தனை வருடத்துக்குப் பிறகு ஒரு மாத்திரையின் அளவைத் தீர்மானிக்கப் பார்க்கிறது.

சூத்திரமே ஒரு மதிப்பீடுதான், அதை வைத்தியர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். அந்த வைத்தியர் பேனையை நிறுத்திவிட்டு அம்மம்மாவைப் பார்த்தா.

"அப்ப அட்டையில இருக்கிறதையும் எழுதுறன், நீங்கள் சொல்றதையும் எழுதுறன். மருந்தைக் கூடின வயசுக்குப் பார்த்துத் தாறன். ரெண்டு கிழமையில திருப்பி ரத்தம் எடுத்துப் பாப்பம்."

கொப்பியில் எட்டிப் பார்த்தேன். 78 என்று எழுதி, பக்கத்தில் அட்டைப்படி என்று குறித்திருந்தா. அதன் கீழே 83, ஒரு கேள்விக்குறி. எங்கட புத்தகத்தில் அப்படி எழுதச் சொல்லி எந்த விதியும் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்விக்குறியைப் பார்க்க அழுகை வந்தது. நித்திரை இல்லாததாலும் இருக்கலாம்.

வெளியே வந்து ஓட்டோவுக்கு நின்றபோது அம்மம்மா என் கையைப் பிடித்தா.

"என்ன பிள்ளை எழுதினவ?"

"ரெண்டு வயசையும் எழுதினவ அம்மம்மா."

"குண்டு போட்டதை எழுதினவவோ?"

"இல்லை."

"அதைத்தானே நான் சொன்னனான்" என்றா.

வீட்டுக்குப் போய்க் கொப்பியின் உள்மட்டையில் நானே எழுதி வைத்தேன். 1942 ஏப்ரல் 9 அன்று கைக்குழந்தை. சொன்னவ, அவவின் அம்மா.